இயக்குநர் பாராட்டிய சாம்பார்

நாட்டின் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைச் சேவுகம்பட்டி சீனியவரைக்காய் தீர்த்துவைக்கும் என்று எண்பத்துநாலாம் வருஷம் மேலிடத்தில் முடிவாயிற்று. இந்தக் கொத்தவரங்காயைப் பறித்துப் பொரியல் வைக்காமல் முற்றவிட்டால், விதையிலிருந்து ஒரு பிசின் பொடி எடுக்கலாமாம். ஐஸ்கிரீமிலிருந்து ஆலைத்துணிக்குப் போடும் கஞ்சி வரை சகலத்தையும் அது கெட்டியாக்குமாம். இதை விவசாயிகளுக்கு விளக்கத் திண்டுக்கல்லில் ஒரு கருத்தரங்கு கூட்டினார்கள்.

சமையல் பொறுப்பு மூக்கையாவுக்கு. அவருடைய சாம்பாருக்கு ஊரில் தனிப் பேர். அன்று ஒவ்வோர் அதிகாரியும் தமக்குக் கீழுள்ள இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டதால், சாம்பாரில் தண்ணீர் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏற்பாட்டைக் கவனித்த அதிகாரி சிவபிரகாஷ் கரண்டியை விட்டுப் பார்த்தார்.

"என்ன மூக்கையா, அடி தெரியுது?"

"செத்த நேரம் பொறுங்க சார். இன்னும் கொஞ்சம் பருப்பு வேகவச்சுச் சேத்துர்றேன்."

"பருப்பு எதுக்கு? கருத்தரங்கே கெட்டியாக்குறதைப் பத்தித்தான்" என்று, காட்சிக்கு வைத்திருந்த பொடியில் ஒரு கரண்டி போட்டுக் கிளறச் சொன்னார்.

"சார், தை மாசம் அஞ்சாறு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். எம் பேரு கெட்டுரும்."

"விஞ்ஞானம் யார் பேரையும் கெடுக்காது."

சாம்பார் அப்படியேதான் இருந்தது. மிச்சப் பொடியையும் கொட்டிவிட்டு அவர் வரவேற்புரை ஆற்றப் போனார். பொடி ஊறுவதற்கு நேரம் பிடிக்கும் என்பது அந்த உரையிலேயே நாலாம் பக்கத்தில் இருந்தது.

பந்தி போட்டபோது கரண்டி அண்டாவுக்குள் நட்டக்குத்தலாக நின்றது. சென்னையிலிருந்து வந்த வேளாண் துறை இயக்குநர் ஒரு வாய் வைத்தார். பந்தி முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. விழுங்கச் சற்று நேரமாயிற்று.

"நல்ல கெட்டி" என்றார்.

உடனே எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்கள். கடைசி இலையில் இருந்த சேவுகம்பட்டி விவசாயி கண்ணுசாமி மட்டும், "இதை வச்சுப் போஸ்டர் ஒட்டலாம்" என்று சிரித்தார். மூக்கையாவால் தலை நிமிர முடியவில்லை.

ஆனால் அவர் பயந்தது நடக்கவில்லை. கல்யாண வீடுகளில் எல்லாரும் 'டைரக்டர் சாம்பார்' கேட்டார்கள். அவரும் சிவபிரகாஷிடம் பொடி வாங்கி, மனசில்லாமல் வைத்துக் கொடுத்தார். பருப்பு குறையக் குறையப் பாராட்டு கூடிற்று.

கண்ணுசாமி மகள் கல்யாணத்தில் மட்டும், உண்மையைச் சொன்ன ஒரே மனுஷராயிற்றே என்று, துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து ஆசையாகச் சாம்பார் வைத்தார். முதல் பந்தியிலேயே கண்ணுசாமி சமையற்கட்டுக்கு ஓடிவந்தார்.

"என்னப்பு, சாம்பார் ஓடுது? சம்பந்தி வீட்டுக்காரங்க மூஞ்சியச் சுளிக்கிறாங்க."

"பருப்புச் சாம்பார்ண்ணே. அன்னைக்கு நீங்கதான சிரிச்சீங்க?"

"அன்னைக்கு நான் சாப்பிட வந்தவன். இன்னைக்கு நான் பொண்ணு வீடு. பொடியைப் போடு அப்பு."