கால் ஊன்றாத வேண்டுதல்

பிடிவாதக்காரனுக்கு அறிவுரை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கோயம்புத்தூர் சைக்கிள் கடைக்காரர் எனக்காக ஒரு மத்தியானத்தையே வீணடித்தார்.

என்னிடம் இருந்தது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்திலும் காலுக்கு ஓய்வு கிடையாது. (இதை நீலகிரி மலையில் ஓட்ட வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.)

"சாதா பெடல்னா இறக்கத்துல கால் எகிறிருமுங்க. வார் வெச்ச பெடல் போட்டுக்கங்க, கேன்வாஸ் ஷூ போதும். அவசரத்துக்குக் காலை உருவிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"உருவவே கூடாதுங்க" என்றேன்.

காரணம் சுகன்யா. குன்னூரில் ஒரே வங்கிக் கிளையில் இருவருக்கும் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் அப்பா, "பையன் நல்ல பையன்தான். ஆனா எதையும் முழுசா முடிக்க மாட்டானாமே" என்று சொல்லிவிட்டார். (கீபோர்டு வகுப்பு, இந்தி, ஜிம் என்று நான் பாதியில் விட்டதையெல்லாம் அவரிடம் சொன்னதே சுகன்யாதான்.) எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குன்னூரிலிருந்து கோத்தகிரி ரோட்டில் இருக்கும் அவர் வீடுவரை தரையில் கால் ஊன்றாமல் சைக்கிளில் வந்து பெண் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "வரட்டும், பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

ஆகவே பூட்டுப் பெடல் வாங்கினேன். ஷூவின் அடியில் இருக்கும் கட்டை பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பழகும்வரை பூட்டின் ஸ்பிரிங்கைத் தளர்வாக வைக்கச் சொன்னார் கடைக்காரர். நான் வீட்டுக்கு வந்து, திருகு இனி திரும்பாது என்னும்வரை முறுக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் நுரையீரல் வாய்க்கு வந்தது. இறக்கத்தில் பெடல் என் கால்களை மிதித்தது. தேயிலைக் காட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். கால் ஊன்றவில்லை. அவள் வீடு தெரிந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வீட்டை ஒட்டி எஸ்டேட் மாரியம்மன் கோயில். அன்றைக்குப் பொங்கல் வைக்கும் நாள் என்பது எனக்குத் தெரியாது. வாசல் முழுக்க அடுப்பும் பானையும் பெண்களும், அவர்களில் சுகன்யாவும். நிற்கலாம் என்று குதிகாலைத் திருப்பினேன். வலதும் வரவில்லை, இடதும் வரவில்லை. நின்றால் கொதிக்கிற பானையில் விழ வேண்டும். காலியாக இருந்த ஒரே வழி கோயிலைச் சுற்றிப் போனது. போனேன்.

"ஏனுங்க, ஷூவைப் போட்டுக்கிட்டுச் சாமியச் சுத்தறானே" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த சுற்றில் பூசாரி உட்பட எல்லோரும் முறைத்தார்கள். சுகன்யாவின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் பொருளாளர்.

"தம்பி, எறங்குங்க."

"முடியலீங்க மாமா." (மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.)

"அந்த ஷூவையாச்சும் கழட்டுங்க."

"அதுதாங்க கழல மாட்டேங்குது."

"பொருளாளரே, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார் பூசாரி.

மாமா கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மானம் போகிற நேரத்தில் மனிதனுக்கு எங்கிருந்துதான் யோசனை வருமோ. "வேண்டுதலுங்க. கால் மண்ணுல படாமச் சுத்தோணுமாம். அதுக்குத்தான் காலைப் பூட்டியிருக்குது."

முறைத்த முகங்களெல்லாம் கனிந்துவிட்டன. கரண்டியோடு நின்ற ஓர் அம்மா, "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார். மாமா அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. நான் யோசித்திருந்தேன். "கல்யாணமுங்க" என்று கத்திக்கொண்டே கோயிலின் பின்பக்கம் போனேன். நான் திரும்பி வருவதற்குள், பெண் யார் என்பதைச் சுகன்யாவின் முகத்திலிருந்தே ஊர் கண்டுபிடித்திருந்தது. குலவை போட்டார்கள். வேண்டுதல்காரனுக்குச் செய்கிற மரியாதையாக ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். முன்சக்கரம் வழுக்கியது.

கால் அப்போதும் மண்ணில் படவில்லை. தோள், முழங்கை, கன்னம் மட்டும்தான் பட்டன.

என்னைச் சைக்கிளோடு நிமிர்த்தி, லேஸை அவிழ்த்து, காலை மட்டும் உருவி எடுத்தார் மாமா. "ஊர் முன்னால சொல்லியாச்சுங்க தம்பி. இனி நானும் பின்வாங்க முடியாது, நீங்களும் முடியாது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் வலியிலும்தான்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் அடுத்த வருஷம்தான் விளங்கியது. திருவிழா நோட்டீஸில் மாவிளக்குக்கும் அன்னதானத்துக்கும் நடுவே 'மாப்பிள்ளை சைக்கிள் சுற்று' என்று அச்சடித்திருந்தார்கள். இன்றுவரை விடாமல் சுற்றுகிறேன்.

போன மாதம் மகளை எல்.கே.ஜி. சேர்க்கப் போயிருந்தோம். "அப்பா என்னம்மா வேலை செய்யறார்?" என்று மிஸ் கேட்டார். வங்கி கேஷியர் என்று வீட்டில் நன்றாகச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போயிருந்தேன்.

"கோயிலைச் சுத்துவாரு மிஸ்" என்றாள் அவள். "எறங்கத் தெரியாது. தாத்தாதான் எறக்கிவிடுவாரு."