சுரங்கத்துக்கு நாற்பது அடி தள்ளி ஒரு சாலை

ஒரு காட்டில், அதுவும் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு மூன்று வருடமாகியும் தெருவிளக்கு வராத ஒரு காட்டில், சோணாசலம் என்றொரு பெருச்சாளி குடியிருந்தார். மூன்று அறை, ஒரு தானியக்கிடங்கு, பின்பக்கம் இரண்டு வாசல். மனைவி குப்பாயி. பிள்ளைகள் ஒன்பது, எண்ணும்போது ஓடாமல் நின்றால் பதினொன்று. இப்படியொரு வளையை அந்த மலையடிவாரத்தில் யாரும் தோண்டியதில்லை என்று சோணாசலத்துக்குக் கொஞ்சம் கர்வம். அந்த வளைக்குத்தான் வேட்டு வந்தது.

காரணம் நெடுஞ்சாலை. ஆதியில் அது யானைகள் தண்ணீருக்குப் போன தடம். ஆற்றிலிருந்து மலை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. அதை அகலப்படுத்தப் போனால், வழியில் புலியாரின் மச்சானுடைய குகை இருந்தது. சாலை வடக்கே திரும்பியது. வடக்கே நரியார் நடத்தும் பொறியியல் கல்லூரி. சாலை தெற்கே திரும்பியது. தெற்கே கரடியாரின் கல்யாண மண்டபம், அதுவும் முகூர்த்த மாதம். மறுபடியும் வடக்கு. இதற்கிடையில் சிங்கராஜா, சாலையில் அடிக்கல் நாட்டினால் படம் எடுப்பாக வராது என்று மலையில் போய் நாட்டிவிட்டார். ஆகவே சாலைக்கு முன்பே சுரங்கம் தயாராகிவிட்டது. விளக்கு, காற்றாடி, அவசரத் தொலைபேசி எல்லாம் போட்டாயிற்று. வண்டிதான் வரவில்லை.

கரடியார் மண்டபத்திலிருந்து சுரங்க வாய் வரை மட்டும் கோடு நேராக ஓடியது, ஏனென்றால் நடுவில் பெரிய மனுஷர்கள் யாரும் இல்லை. சோணாசலத்தின் வளைதான் இருந்தது. வளைக்கும் சுரங்க வாய்க்கும் இடையில் ஓர் ஆமை திரும்பக்கூட இடம் கிடையாது.

ஒரு நாள் சர்வேயர் கொக்கு வந்து, ஒற்றைக் காலில் நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்து, வளை வாசலில் ஒரு கல்லை நட்டார். சுண்ணாம்பு அடித்து, சிவப்பு மையில் 47 என்று எழுதிய கல்.

"சார், இது எங்க வீடு" என்றார் சோணாசலம்.

"இது சாலைங்க. இன்னும் போடல, அவ்வளவுதான். பதினஞ்சு நாள்ல காலி பண்ணிருங்க."

சோணாசலம் மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். வரிசையில் நின்று, வெளியே வந்து, வேறு வரிசையில் நின்று, கடைசியில் குமாஸ்தா குரங்கின் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

"வீட்டுக்குப் பட்டா இருக்கா?"

"வீடு மண்ணுக்குள்ள இருக்குங்க."

"பட்டா மண்ணுக்கு மேல இருக்கிறதுக்குத்தான். உள்ள இருக்கிறதெல்லாம் கனிமம். நீங்க கனிமமா?"

சோணாசலம் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். குரங்கு மனுவைத் திருப்பிக் கொடுத்தது.

குப்பாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை வாசல் கழுவினால், நட்டு நிற்கிற எதையும் பொட்டில்லாமல் விடமாட்டார். அம்மிக்கு வைப்பார், உலக்கைக்கு வைப்பார், ஒரு முறை அசையாமல் நின்ற மாமனாருக்கே வைத்துவிட்டார். அந்த வெள்ளியும் கை தன்பாட்டுக்குக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டது. அந்த வழியாகப் போன மான் ஒரு பூ வைத்தது. அணில் சூடம் ஏற்றியது. செவ்வாய்க்கிழமைக்குள் கல்லுக்கு நாப்பத்தேழு சாமி என்று பெயரே வந்துவிட்டது. கேட்ட வரம் தருவார் என்றும் சொன்னார்கள்.

பதினைந்தாம் நாள் கொக்கு வந்தார். "இங்க ஒரு கல்லு நட்டேனே, பார்த்தீங்களா?"

சோணாசலம் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "கல்லா? இங்க சாமிதான் சார் இருக்கு."

கொக்கு எட்டிப் பார்த்தார். உடனே செருப்பைக் கழற்றினார். சொந்த ஊருக்கு மாற்றல் வேண்டுமென்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். பிறகு வரைபடத்தில் 'தொன்மையான வழிபாட்டுத் தலம்' என்று குறித்து, சாலையை நாற்பது அடி தள்ளிவிட்டார்.

நாற்பது அடி தள்ளிய சாலை சுரங்க வாயை ஒதுக்கிவிட்டு, நேராகப் போய் மொட்டைப் பாறையில் முட்டி நின்றது. காண்டிராக்டர் காட்டுப்பன்றி, "படத்துல உள்ளபடி போட்டிருக்கேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிங்கராஜா சாலையைத் தனியாகவும் சுரங்கத்தைத் தனியாகவும் திறந்துவைத்தார். ஒரு திட்டத்துக்கு இரண்டு விழா எடுத்த முதல் ராஜா இவர்தான் என்று நரியார் மேடையில் புகழ்ந்தார்.

சோணாசலம் நிம்மதியாக மூச்சு விட்டது பத்து நாள்தான். சாமிக்குக் கூட்டம் சேர்ந்ததும் நரியார் கோயில் கமிட்டித் தலைவரானார். தகரக் கொட்டகை வந்தது, ஒலிபெருக்கி வந்தது. பின்னாலேயே சோணாசலத்துக்கு நோட்டீசும் வந்தது: சாமியின் இடத்தை ஆக்கிரமித்துப் பள்ளம் தோண்டியிருப்பதால் உடனே காலி செய்யவும்.

"நாங்க பொட்டு வெச்ச சாமிங்க அது" என்றார் குப்பாயி.

"நல்ல காரியம் பண்ணீங்க. சாமி உங்களை நல்லா வெச்சிருக்கும்" என்றார் நரியார். அன்றைக்கே வளைக்குள் ஜல்லி கொட்டி மூடினார்கள்.

சோணாசலம் அழுதார். வெட்கப்படாமல், பிள்ளைகள் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதார். சட்டிபானையோடு தெருவில் நிற்கும்போது மழையும் பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி எதிரே இருந்த சுரங்கத்துக்குள் ஓடினார்கள்.

உள்ளே விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. குப்பாயி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு இடம் பார்க்கத் தொடங்கினார்.

ஆறு மாதம் கழித்து கொக்கு கணக்கெடுக்க வந்தார். மாற்றல் கிடைக்காத கடுப்பில் இருந்தார். "இந்தச் சுரங்கத்தை யாராவது உபயோகிக்கிறாங்களா?"

"தினமும் சார். பிள்ளைங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிப் பிடிச்சு விளையாடும். ஆளுக்கு நூறு நடையாவது இருக்கும்" என்றார் சோணாசலம்.

கொக்கு பெருக்கிப் பார்த்து, 'கடும் நெரிசல்' என்று எழுதினார். சிங்கராஜா மனம் மகிழ்ந்து, பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம் தோண்ட உத்தரவிட்டார்.

சேதி கேட்ட குப்பாயி சொன்னார்: "நல்லதாப் போச்சுங்க. பெரியவளைக் கட்டிக் குடுத்தா, மாப்பிள்ளையை அங்கயே குடிவெச்சிரலாம்."

நீதி: வீட்டைக் காப்பாற்ற மனு கொடுக்காதே. சாலையை நாற்பது அடி தள்ளிவிடு. உன் வீட்டை அரசாங்கமே தோண்டித் தரும்.