நரிக் கடையில் கீரி வாங்காத கணினி

ஒரு காட்டில் என்று நான் ஆரம்பித்ததுமே நீங்கள் சிங்க ராஜாவைத் தேடுவீர்கள். தேட வேண்டாம். சிங்கம் இந்தக் கதைக்கு வராது. குகையில் படுத்துக்கொண்டு செல்போனில் மான்கள் ஆடும் வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் கதை மாசிலாமணி என்ற கீரியைப் பற்றியது.

காட்டோரத்து வீடுகளுக்குப் போய்ப் பாம்பு பிடித்துக் கொடுப்பது மாசிலாமணியின் தொழில். அதில் அது கெட்டி. ஆனால் அதற்கு உயிர் கம்ப்யூட்டர் கேம்தான். குரங்கு நடத்திய பிரவுசிங் சென்டரில், இன்பவல்லி என்ற அணிலோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடும். கீரி முன்னால் பாயும், அணில் பின்னால் நின்று காவல் காக்கும். "வலப்பக்கம்" என்று அணில் சொல்லி முடிப்பதற்குள் கீரி திரும்பியிருக்கும். அப்படி ஒரு ஜோடி அந்தக் காட்டில் வேறு கிடையாது.

திடீரென்று ஒருநாள் குரங்கு கடையைச் சாத்திவிட்டுச் சாமியாராகப் போய்விட்டது. மாசி மாதம் இருவர் ஜோடியாக ஆடும் கேம் போட்டி வரவிருந்தது. இனி அவரவர் கணினியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஜோடியில் ஒருவருடைய கணினி ஓடாவிட்டால், மற்றவர் வேறு துணையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அணிலுக்கு அதன் தாய்மாமன் கணினி கிடைத்துவிட்டது. கீரியிடம் குரங்கு போகும்போது கொடுத்த பழைய மானிட்டர் ஒன்றுதான் இருந்தது.

"மாசி, நான் உன்கூடத்தான் ஆடுவேன். ஆனா போட்டிக்குள்ள ஒரு சிஸ்டம் வாங்கிடு. பெருசா ஒண்ணும் வேணாம், ஓடினா போதும்," என்றது அணில்.

ஓடினால் போதும். இதை மட்டும் கீரி காதில் வாங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் போய் உருப்படியாக ஏதாவது செய்திருப்பீர்கள்.

அந்தக் காட்டில் கணினிச் சாமான் விற்றது நல்லதம்பி என்ற நரி. கீரி பாம்பு பிடித்துச் சேர்த்ததை எல்லாம் ஒரு சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு அங்கே போனது.

"என்ன கேம் ஆடுற?" என்று கேட்டது நரி. கீரி சொன்னது. "மானிட்டர் எது?" என்றது. அதையும் சொன்னது.

"அந்த மானிட்டருக்குப் பெரிய கார்டு போட்டு என்ன பண்ணப் போற? அது காட்டுறதைத்தான் காட்டும். படத்தை ஓட்ட நடுத்தரமா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு பிராசஸர், பதினாறு ஜிபி ரேம். கேபினட் எதுவா இருந்தாலும் சரி, உள்ள காத்து போனா போதும். எஸ்எம்பிஎஸ் மட்டும் நல்லதா போட்டுக்கோ, மொத்த சாமானுக்கும் கரண்டு குடுக்குற பெட்டி அது, அதுல கஞ்சத்தனம் பண்ணாதே. சாயங்காலம் வா, எல்லாத்தையும் சேத்துப் பூட்டி வெக்கிறேன்."

"அவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவுதான். மிச்சக் காசுல நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கு. முதுகு உன்னோடது."

கீரிக்குப் பகீரென்றது. கூடுதலாக விற்கப் பார்க்காத கடைக்காரரை அது பார்த்ததே இல்லை. அதுவும் ஒரு நரி! ஒன்றாம் வகுப்பிலேயே நரி ஏமாற்றும் என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டு மிருகங்கள் வேறு எதையும் படித்ததாகத் தெரியவில்லை. "வீட்ல கேட்டுட்டு வர்றேன் மாமா," என்று சொல்லிவிட்டுக் கீரி நழுவியது. அதற்கு வீட்டில் யாருமே இல்லை.

நேராகக் குளத்தங்கரைக்குப் போனது. அந்தக் காட்டில் ஒரு பென்டிரைவ் வாங்குவதாக இருந்தாலும் குளத்தங்கரைக்கு வந்து அன்னத்திடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காமல் வாங்கினால் கௌரவக் குறைச்சல். பாலையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் என்று அன்னத்துக்குப் பெயர். பிரித்ததை யாரும் பார்த்தது கிடையாது. அந்தக் குளத்துக்குப் பால் வந்ததே கிடையாது. ஆனாலும் பெயர் பெயர்தானே. அதை வைத்துக்கொண்டு அன்னம் ஒரு சேனல் நடத்தியது. தினமும் கழுத்தை நீட்டி, "வணக்கம் காட்டு மக்களே," என்று தொடங்கும்.

நரி சொன்னதைக் கீரி ஒப்பித்தது. அன்னம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"இந்த பிராசஸரா? பாட்டில்நெக் ஆகும் நண்பா."

கரையில் இருந்த தவளைகளெல்லாம் 'ஐயோ' என்றன. ஒரு சாமான் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் இருந்தால், வேகமானது சும்மா காத்துக்கொண்டு நிற்கும், அதற்குத்தான் அந்தப் பெயர். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் காட்டில் காட்டுத்தீக்குப் பயப்படாதவர்கள்கூட பாட்டில்நெக்குக்குப் பயந்தார்கள்.

"அப்போ என்ன பண்றது?"

"இன்னும் கொஞ்சம் காசு போட்டா அடுத்த மாடல் வந்துடும். பிராசஸரை ஏத்தினா கார்டையும் ஏத்தணும். கார்டை ஏத்தினா..."

"பிராசஸரை ஏத்தணும்," என்றது கீரி.

"பார்த்தியா, உனக்கே புரியுது," என்று மெச்சியது அன்னம்.

கீரி பூரித்துப் போனது. மறுநாள் வந்தபோது, அந்தக் கார்டுக்கு அடுத்தது சீக்கிரம் வரப்போகிறது, இப்போது வாங்குகிறவன் முட்டாள் என்று அன்னம் சொன்னது. கீரி காத்திருந்தது. அடுத்தது வந்தது. வந்த அன்றே அதற்கும் அடுத்ததைப் பற்றி அன்னம் வீடியோ போட்டது. தை மாதம் பாதி ஓடிவிட்டது.

அணில் மரத்துக்கு மரம் தாவி வந்து கத்தியது. "டேய், போட்டி வந்துடுச்சு! நரி மாமா சொன்னதை வாங்கிட்டு வந்து பழக ஆரம்பிடா. நான் தனியா உக்காந்து ஆடிட்டு இருக்கேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது இன்பா. அவசரப்பட்டு வாங்கினா வாழ்க்கை பூரா வருத்தப்படணும்," என்றது கீரி. வாழ்க்கை பூராவாம். பாம்பின் வாயில் தலையைக் கொடுத்துப் பிழைக்கிற ஜென்மம் ரேம் வாங்க யோசிக்கிறது.

ஒருநாள் கீரி பணிவோடு கேட்டது: "அண்ணா, நீங்க என்ன சிஸ்டம் வெச்சிருக்கீங்க?"

"நானா? நான் தண்ணியில இருக்கிறவன் நண்பா. தண்ணியில கரண்டு கொண்டுவந்தா செத்துட மாட்டேனா?" என்றது அன்னம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார்கள். கீரிக்கோ மரியாதை இரண்டு மடங்கானது. சொந்தமாக ஒன்றும் இல்லாதவர் பாரபட்சம் இல்லாமல் பேசுவார் என்று அது தவளைகளிடம் விளக்கியது. தவளைகளும் தலையாட்டின.

கடைசியில் அன்னத்தின் வீடியோவுக்குக் கீழே லிங்க் கொடுத்திருந்த கடையிலேயே கீரி சாமான் வாங்கியது. இருப்பதிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கு ஈடான பிராசஸர். கொக்கு பார்சலைக் கொண்டுவந்து போட்ட அன்று மயிலும் வந்து சேர்ந்தது.

"தகர டப்பா கேபினட்டா வாங்கப் போற? உள்ள இருக்கிறது ஊருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி கேபினட் வாங்கு. சுத்தி கலர் கலரா லைட் போட்ட ஃபேன் வை," என்று தோகையை விரித்துக் காட்டியது மயில். மயிலுக்குக் கேமும் தெரியாது, கணினியும் தெரியாது. மினுக்கத் தெரியும். கண்ணாடிப் பெட்டியும் வந்தது, விளக்குப் போட்ட ஃபேன்களும் வந்தன.

சுருக்குப்பை காலியானது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் வாங்கவில்லை என்பது கீரிக்கு நினைவு வந்தது. அன்னத்திடம் ஓடியது.

"அது யாரும் பாக்காத சாமான் நண்பா, ஏதோ ஒண்ணு போட்டுக்கோ," என்றது அன்னம். அதைச் சொல்லிக் குற்றமில்லை. எஸ்எம்பிஎஸ் பற்றி வீடியோ போட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றுக்காக அன்னம் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்? கீரி, குரங்கு விட்டுப்போன குப்பையைக் கிளறித் துருப்பிடித்த ஒரு எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடி எடுத்தது.

வாங்கியாகிவிட்டது, பூட்டத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் நரிக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனது. நரி ஒரு வார்த்தையும் குத்திக் காட்டாமல் பூட்டிக் கொடுத்தது. கடைசியில் மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

"தம்பி, இந்த எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டைத் தாங்காது. லைட்டு எரியும், மெனு வரும், சண்டை ஆரம்பிச்சதும் அணைஞ்சிடும். என்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு. காசு வேணாம், போட்டி முடிஞ்சதும் திருப்பிக் குடு."

கீரிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. ஓஹோ, தந்திரம் இங்கேதான் இருக்கிறது! இத்தனை நாளாக நரி ஏன் இன்னும் தன் புத்தியைக் காட்டவில்லை என்று அது குழம்பிப் போயிருந்தது. "வேணாம் மாமா, இதுவே இருக்கட்டும்," என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியை அணைத்துக்கொண்டு நடந்தது.

நல்ல நேரம் பார்த்துப் போட்டி மைதானத்தில்தான் முதன்முதலாக ஸ்விட்ச் போட வேண்டும் என்று மயில் கட்டளை இட்டிருந்தது. அதனால் கீரி அதைப் போட்டு ஆடிப் பார்க்கவும் இல்லை. போட்டி அன்று காலையில் கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சாம்பிராணிப் புகையை ஃபேன்கள் ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டன. ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக் கீரி உரிக்கவே இல்லை, கீறல் விழுந்துவிடுமாம். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி முழுக்கப் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்தது. காடே 'ஆ' என்றது. அன்னம் குளத்திலிருந்து எழுந்து வந்து படம் பிடித்தது. கீரி தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நான் பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் உண்மையிலேயே சந்தோஷம்தான்.

பக்கத்தில் தாய்மாமன் கணினியோடு அணில் உட்கார்ந்திருந்தது. "ஆரம்பிக்கலாமா மாசி?"

"ஆரம்பி."

மெனு வந்தது. காட்சி வந்தது. எதிரிகள் பாய்ந்து வந்தார்கள். கீரி முன்னால் பாய்ந்தது. டப் என்று ஒரு சத்தம். விளக்கு, ஃபேன், படம் எல்லாம் ஒரேயடியாகப் போயின. கருகிய வாடை வந்தது.

"வலப்பக்கம்!" என்று கத்தியது அணில். "மாசி, வலப்பக்கம்! மாசி!"

கீரி கறுத்துப் போன கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு நடுவில் சந்தனப்பொட்டு தெரிந்தது.

நடுவராக இருந்த ஆமை, வேறு துணை இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. கூட்டத்தின் ஓரத்திலிருந்து பொன்னுரங்கம் என்ற கழுதை எழுந்தது. கழுதை வீடியோ பார்ப்பதில்லை. நரிக் கடைக்குப் போய், 'நடுத்தரமா ஏதாவது குடுங்க' என்று கேட்டு, கொடுத்ததை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தது. தகரப் பெட்டி. ஒரு விளக்குகூட இல்லை.

அணில் கீரியைப் பார்த்தது. பிறகு கழுதையைப் பார்த்தது. "வாங்கண்ணே," என்றது.

கழுதை சுமாராகத்தான் ஆடியது. வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் பார்த்தது. ஆனால் அதன் கணினி ஓடியது. சாயங்காலம் கோப்பை அதன் முதுகில் ஊர்வலம் போனது.

இதுவரை கேட்டதை வைத்து, கீரி திருந்தியது, நரியிடம் மன்னிப்புக் கேட்டது, காடே நரியைப் பாராட்டியது என்று முடிக்க நினைப்பீர்கள். உங்களையும் அதே ஒன்றாம் வகுப்பில்தான் படிக்க வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

மறுநாள் அன்னம் ஒரு வீடியோ போட்டது. தலைப்பு: 'நரி கை வைத்த சிஸ்டத்துக்கு என்ன ஆனது?'. அதில் பேசக் கீரியைக் கூப்பிட்டது. அணில் ஓடிவந்து, "மாசி, நரி மாமா அப்பவே சொன்னாரு, எஸ்எம்பிஎஸ்ஸை சும்மாவே குடுக்கிறேன்னாரு. உண்மையைச் சொல்லிடுடா," என்று கெஞ்சியது. கீரி கேமராவைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் தான் முட்டாள் என்று ஆகிவிடும். "நரிதாங்க பூட்டிக் குடுத்துச்சு," என்றது. அது பொய்யும் இல்லை. அதைவிடக் கேவலம் அது.

நரிக் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது நரி. பிறகு பலகையை மாற்றியது. எல்லா விலையையும் இரண்டு மடங்காக்கி, விளக்குக்குத் தனி விலை போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸைக் குப்பையிலிருந்து எடுத்து, பாட்டில்நெக் வராமல் இருக்க ஒரு தாயத்தும் விற்றது. கூட்டம் அலைமோதியது. "இப்பத்தான் நரி நரி மாதிரி இருக்கு, இனிமே நம்பி வாங்கலாம்," என்று கரடி எல்லோரிடமும் சொன்னது.

அந்த வீடியோவில் பேசிய புகழில் கீரியும் ஒரு சேனல் தொடங்கிவிட்டது. பாம்பு பிடிக்கப் போவதில்லை. கருகிய கண்ணாடிப் பெட்டியைப் பின்னால் வைத்து, விளக்குக்கு மட்டும் தனி ஒயர் இழுத்து எரியவிட்டு, நடுத்தரக் கணினிக்கு என்ன சாமான் வாங்கலாம் என்று காட்டுக்கே புத்தி சொல்கிறது.

ஒருநாள் அணில் வந்து கிளையில் நின்றது. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தது.

"மாசி, பொன்னுரங்கம் அண்ணன் பொதி சுமக்கப் போயிருக்கு. அது சிஸ்டம் சும்மாதான் கிடக்கு. வாயேன், முன்ன மாதிரி ஒரு ஆட்டம் ஆடலாம். உன்கூட ஆடின மாதிரி யார்கூடவும் வரலைடா."

கீரியின் கால் ஒரு கணம் துடித்தது. வலப்பக்கம் என்று யாரோ சொன்னதுபோல் தலைகூடத் திரும்பியது. பிறகு கேமரா ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

"அந்தத் தகர டப்பாவிலயா? பாட்டில்நெக் ஆகும் இன்பா," என்றது.

அணில் போய்விட்டது. அதன் பிறகு அது வரவில்லை.

நீதி: எந்தச் சாமானை வாங்குவதாக இருந்தாலும், அதை வைத்திருக்காத ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். வைத்திருப்பவர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், உங்களோடு பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.