முகில்மலைக் காப்பி இனித்த கதை

வந்திருந்தவர்கள்: டாக்சி ஓட்டும் வேலாயுதம், மூட்டுவலியோடு. ஓய்வுபெற்ற கிளார்க் யோகம், மருமகள்மேல் மனக்குறையோடு. இன்னும் முப்பது பேர், திறந்த வாயோடு. கண்மணி, கால்விரலில் ஆறாத புண்ணோடும் கைப்பையில் சர்க்கரை மாத்திரைகளோடும். அவளை அழைத்து வந்த மகன் நிதீஷ், தன் அறிவோடு. இருந்தவற்றிலேயே எடை குறைந்த சாமான் அதுதான்.

இடம், சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் ஒரு கடைவீட்டின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவரை செருப்புகள். முகில்மலைச் சித்தர் இன்று 'மாத்திரைச் சமர்ப்பணம்' நடத்துகிறார். நோயாளிகள் மாத்திரைகளைப் பித்தளை அண்டாவில் போட்டுவிட வேண்டும். இனி மருந்து முகில்மலைக் காப்பிதான்.

நிதீஷ் சாமியார்களை நம்புகிற ஆள் இல்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, துவாஸ் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்க்கிறான். விடிய விடியக் கைப்பேசியில் மூடநம்பிக்கையைக் கிழிக்கும் வீடியோக்கள். கிளி ஜோசியம் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பான். கையிலிருந்து விபூதி கொட்டினால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவான். சித்தர் விபூதி கொட்டவில்லை. ஸ்லைடு போட்டார், ஆங்கிலத்தில். ஆறாயிரம் அடி உயரம், பனிமூட்டம், எரிமலை மண், மெதுவாகப் பழுக்கும் பழம். திரையில் ஒரு கோடு மேலே ஏறியது. நிதீஷும் கூடவே ஏறிவிட்டான். அந்த மலை எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்க அந்தப் பகுத்தறிவாளனுக்குத் தோன்றவில்லை.

வழிபாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சாதாரணக் கடைக் காப்பி ஒரு மடக்கு, சீனி இல்லாமல். எல்லார் முகமும் கோணும். பிறகு கண்ணை மூடிப் பிரசாதம். உப்பில் ஊறிய நெல்லிக்காய்த் துண்டு, நன்றாக மென்று விழுங்க வேண்டும். அதன் பிறகு முகில்மலைக் காப்பி, அதுவும் சீனி இல்லாமல். ஆனால் இனிக்கும்!

"எப்படி இனிக்குது? உங்க ரத்தத்துல இருக்குற சீனிய இழுத்து நாக்குல வைக்குது. ரத்தம் சுத்தமாயிடுது," என்றார் சித்தர்.

நிதீஷ் தலையாட்டினான். லாஜிக்காகத்தான் இருந்தது.

கண்மணி அண்டாவை நெருங்கி மாத்திரைகளைப் போட்டாள். அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் மகள் வைஷாலி.

"அம்மா! யாரக் கேட்டு அதப் போட்டீங்க?"

"அக்கா, கத்தாத. இது சயன்ஸ் லா. ஆல்டிடியூட்..." என்றான் நிதீஷ்.

"டேய், உசரத்துல விளைஞ்சா காப்பி வாசமா இருக்கும், ருசியா இருக்கும். அதுக்குத்தான் அந்த மவுசு. புண்ணு ஆறுமா? சுகர் குறையலன்னா விரல எடுத்துருவோம்னு டாக்டர் சொன்னப்ப நீதானடா பக்கத்துல உக்காந்திருந்த!"

அவன் செருப்பைத் தேடுவதுபோல் கீழே பார்த்தான். செருப்பு தெருவில் இருந்தது.

வைஷாலி பிரசாதத்தைத் தொடாமல் மலைக் காப்பியை எடுத்துக் குடித்தாள். "கசக்குது."

"நாக்குல வினை ஏறிக் கிடக்கும்மா," என்றார் சித்தர் பரிவோடு.

"பாவம் பிள்ளை," என்றார் யோகம்.

"சரி, வினை எனக்குத்தான். எங்கம்மாவுக்கு இல்லையே? அவங்க குடிக்கட்டும், பிரசாதம் இல்லாம."

"அது தோஷம்!"

"ஏன் சாமி, துணைக்கு நெல்லிக்காய் இல்லாம உங்க மலைக் காப்பிக்கு இனிக்கத் தெரியாதா?" என்றாள் வைஷாலி.

வேலாயுதம் சிரித்துவிட்டார். வைஷாலி அம்மாவை வாய் கொப்பளிக்க வைத்து மலைக் காப்பியைக் கொடுத்தாள். கண்மணியின் முகம் கோணியது. பிறகு வைஷாலி அவளை நெல்லிக்காயை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, திரைச்சீலையை விலக்கிச் சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீரோடு திரும்பினாள்.

"உள்ள ஒரே ஒரு பானைதான் இருக்கு சாமி. ரெண்டு காப்பியும் அதுலேர்ந்துதானா? அம்மா, இந்தத் தண்ணியக் குடிங்க."

கண்மணி குடித்தாள். கூட்டம் அவள் வாயையே பார்த்தது.

"இனிக்குது," என்றாள் மெதுவாக.

"குழாய்த் தண்ணி எத்தன ஆயிரம் அடி சாமி?" என்றார் வேலாயுதம்.

நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும். தொடக்கப்பள்ளியில், இடைவேளையில், குழாயடியில் நின்று "இனிக்குதுடா" என்று கூவியவன்தான் நிதீஷ். எட்டு வயதில் தெரிந்திருந்த அறிவை அழிக்க ஒரு ஸ்லைடு போதுமாயிருந்தது.

கண்மணி அண்டாவில் கைவிட்டுத் தன் மாத்திரைகளை எடுத்துக்கொண்டாள். வேலாயுதமும் எடுத்தார். பாதிப் பேர் எடுத்தார்கள். சித்தர் அண்டாவின் மூடியைத் தேடினார்.

அப்போது யோகத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கைகூப்பியிருந்தார். கண்ணில் நீர்.

"பாத்தீங்களா, குழாய்த் தண்ணியிலயே சாமி இறங்கிட்டாரு!"

மீதிப் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தருக்கு உயிர் வந்தது. "இத நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

நெல்லிக்காய் நாக்கைக் கொஞ்ச நேரம்தான் ஏமாற்றும். மீதி நேரமெல்லாம் ஏமாற்றிக்கொள்வது நாம்தான். யோசிக்கவும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

நிதீஷ் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே வந்தான்; வைஷாலியும் மாத்திரையை எடுத்துக்கொண்ட மற்றவர்களும் கூடவே இறங்கினார்கள். அவன் கடைசிப் படியில் கால் வைக்குமுன் மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. சாவி திரும்பியது. சித்தர் பூட்டச் சொல்லவே இல்லை. இனி யாரும் உள்ளே வந்து தண்ணீர் கொடுத்துவிடக் கூடாது என்று பக்தர்களே பூட்டிக்கொண்டார்கள்.