எழுபது கிலோவுக்கான பனிச்சப்பாத்து

ஊஸ்டர், சுவிஸ்,
ஞாயிறு பின்னேரம்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் தவச்செல்வன் அவர்களுக்கு,

ஓர்லிகோனில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறோம். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம்.

தங்கள் மருமகள், எங்கள் மகள் யாதவி விரும்பும் ரெட்டோவின் தாய்தகப்பன் எங்களை முதன்முதலாகச் சந்திக்க, புதையாமல் நடக்கக் காலணிக்கு அடியில் பூட்டும் அகலமான பனிச்சப்பாத்து மாட்டி மலையில் நடக்கலாம் என்று அழைத்தார்கள். தாங்களோ, "வாடகைக்கு எடுத்தால் எங்களைக் குறைச்சு நினைப்பினம். சொந்தமா வாங்குங்கோ. ஜீன்ஸ் போடுங்கோ, எடுப்பாயிருக்கும்" என்றீர்கள். தாங்கள் பனியைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் மட்டுமே பார்த்தவர் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கடையில் வேலைக்கு நின்ற சரணியா என்ற எங்கட தமிழ்ப் பிள்ளை, "அங்கிள், முதல்தரமெண்டால் வாடகைக்கு எடுத்தாலே காணும். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சால் விறைக்கும். உங்கட நிறைக்குத்தான் சப்பாத்தின்ர அளவு. எத்தினை கிலோ?" என்று கேட்டாள். பக்கத்தில் தங்கள் தங்கை தில்லைநாயகி நின்றாள். எனக்குச் சோற்றைக் குறைத்து, நான் மெலிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவள். "எழுபது" என்றேன். சரணியா என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சின்னதாக ஒரு சோடி எடுத்துத் தந்தாள்.

மலையில் மிதித்த பாதை முடியும்வரை நான்தான் முன்னால் நடந்தேன். அதற்கு அப்பால் முதல் அடியிலேயே இடுப்புவரை புதைந்தேன், ஜீன்ஸ் பலகையாகியது. ரெட்டோவின் தகப்பன் உர்ஸ் முழங்காலில் நின்று கையால் பனியைக் கிளறியபடி என் நிறையைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் தில்லைநாயகி தெளிவான டொச் மொழியில், "தொண்ணூற்றிரண்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "எனக்குப் பொய் சொல்லுங்கோ, பரவாயில்லை. பனிக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். அந்த மனுசன் சிரிக்கவில்லை. தன் பெரிய சப்பாத்தைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டு, என்னுடையதைத் தான் மாட்டிக்கொண்டு, அடிக்கு அடி புதைந்து புதைந்து நடந்தார். அவர்களின் குலம்கோத்திரம் பற்றித் தாங்கள் சொல்லித்தந்த கேள்வி ஒன்றையும் எனக்குக் கேட்க மனம் வரவில்லை. "பிள்ளையைத் தாறம்" என்று சொல்லிவிட்டேன். யாதவி அழுதாள்.

இனிச் சாகும்வரை பனியில் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்துள்ளேன். சப்பாத்தை ஓர்லிகோனில் மெலிந்தவர் யாருக்காவது விற்றுத்தரவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனர்
குகநாதன்

பி.கு.: விற்க வேண்டாம். சற்றுமுன் உர்ஸ் அழைத்தார். கலியாணம் மாசியில், மலைக்குடிலில். அங்கே வாகனம் போகாதாம், எல்லோரும் பனிச்சப்பாத்து மாட்டித்தான் ஏறவேண்டுமாம். ஓம் என்றுவிட்டேன். தாய்மாமன் தட்டுகளைத் தாங்கள்தான் சுமந்து ஏற வேண்டும். ஐயரிடமும் அவருடைய நிறையைப் பக்குவமாகக் கேட்டு அறிவிக்கவும்.