பின்னறையில் ஒரு மோட்டார்

இருட்டியதும் அந்தச் சத்தம் வந்தது. ஊ...ங். பானைக்குள் வாயை வைத்து யாரோ ஊதுகிற மாதிரி. ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் நடந்துகொண்டிருந்த நான், அப்படியே நின்றுவிட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் ஜெபம், பால் பொங்கினாலும் ஜெபம். கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லித் தந்தவற்றில் மிஞ்சியது இரண்டுதான்: அழகான கையெழுத்து, அழகான பயம். பிள்ளை பிறந்த பிறகு பயம் இரட்டிப்பு, தூக்கம் பூஜ்யம். என் மகள் மடியில் தூங்க மாட்டாள், தொட்டிலில் தூங்க மாட்டாள், நான் தூங்கப் போகிறேன் என்று தெரிந்தால் சுத்தமாகத் தூங்க மாட்டாள்.

"என்னங்க, அது என்ன சத்தம்?"

மூடிய பின்னறைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "தண்ணி மோட்டாரும்மா! போய்ப் படு."

ஒரு வாரமாக இதே சத்தம், இதே பதில். அதைவிடச் சந்தேகமான விஷயம், ஒரு வாரமாக அந்த அறையை அவரே பெருக்குகிறார். துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து அறியாத மனிதர்!

மாடி வீட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

"மோட்டாரா? அது புகைஞ்சு போய் கழட்டிக்கிட்டுப் போயாச்சேடி. கீழ் வீட்டுக்கு நேராக் குழாய்த் தண்ணி வருது, உனக்கெங்க தெரியும்? பக்கெட் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு."

"அப்போ உள்ள என்னக்கா?"

"போன்ல பேசறாரா?"

"இல்லக்கா."

"சிரிக்கிறாரா?"

"அப்பப்போ."

"சென்ட் வாசனை?"

"இல்லக்கா. கதவுக்கு அடியில அனல் அடிக்குது."

"அனலா? நான் நினைச்சதைவிடப் பெரிய விவகாரமா இருக்கும் போலிருக்கே. கரண்டியோட உள்ள போ. போனை மட்டும் வெச்சுடாதே, எனக்கும் கேக்கணும்."

தோளில் குழந்தை, காதுக்கும் கழுத்துக்கும் நடுவே போன், கையில் இரும்புக் கரண்டி. கதவை உதைத்தேன்.

அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார், கோழியை மடக்குகிறவர் மாதிரி. பின்னால், பெட்டியின் கண்ணாடி வழியே, செங்கல் பருமனுக்கு ஏதோ ஒன்றில் காற்றாடிகள் சுழன்றன.

"புது கிராபிக்ஸ் கார்டா?"

"பழசுதான். தூசி தட்டினேன்."

"பழசுக்கு ஒரு காத்தாடி. இதுக்கு மூணு இருக்கே, குட்டி போட்டுடுச்சா?"

கை இரண்டும் தானாக இறங்கின.

"இப்ப வாங்கறவன் ஏமாளி, பொறுத்தவன் புத்திசாலின்னு தினமும் பாடம் எடுத்தீங்களே?"

"பொறுத்தேனே! இத்தனை நாள் ரெண்டே கம்பெனி, வெச்சதுதான் விலை. இப்ப மூணாவதா ஒருத்தன் கடை போட்டான். பழைய ரெண்டு பேரும் அடிச்சுப் பிடிச்சு விலையைக் குறைச்சாங்க. நான் பாஞ்சுட்டேன்."

"எதுக்கு?"

"என் கேமோட இரண்டாம் பாகத்துக்கு!" அவர் குரல் தழுதழுத்தது. "முதல் பாகத்துல நம்ம ஆளைக் கிணத்துல தொங்கவிட்டு முடிச்சுட்டாங்க. ஆறு வருஷமாத் தொங்கறான். ஒரு வாரமா பழசையே ஆடிப் பழகிட்டிருந்தேன். புதுசு இன்னிக்குத்தான் வெளியாச்சு."

"இன்னும் ஆடவே ஆரம்பிக்கலை. பின்ன ஏன் இப்படிக் கத்துது?"

கேள்வியில் அவர் மனம் குளிர்ந்துவிட்டது. "அதுதான் வேடிக்கை! 'ஆரம்பி'ன்னு கேக்குதே, இந்த முதல் திரையில கார்டுக்குக் கடிவாளம் போட கேம் செஞ்சவங்க மறந்துட்டாங்க. சும்மா நின்னாலே முழு மூச்சுல ஓடும். விடிய விடிய விட்டாலும் ஒண்ணும் ஆகாது. மூணு காத்தாடி எதுக்கு இருக்கு?"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஏதோ குறைகிறது. அழுகை.

என் மகள் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்னடி ஆச்சு?" என்றது போன். போனை அணைத்தேன்.

சந்தேகம் போகுமா? "அதை நிறுத்துங்க," என்றேன். காற்றாடிகள் அடங்கின. மகள் வீறிட்டாள். "போடுங்க, போடுங்க!" ஊ...ங். தூங்கிவிட்டாள்.

"பாத்தியா, கார்டு வாங்கினது குழந்தைக்குத்தான்!" என்று கிசுகிசுத்தார் அவர். "அவ தூங்கட்டும். நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஓரமா ஆடறேன்." கீபோர்டில் ஒரு தட்டு தட்டினார். டக். மகள் முகத்தைச் சுளித்தாள். நான் கரண்டியை உயர்த்தினேன்.

எனக்கும் மகளுக்கும் அந்த அறையிலேயே மெத்தையை அவரேதான் இழுத்து வந்து போட்டார். தலையணையையும்.

"அப்போ என் ஆளு? கிணத்துல..." என்று வெளியே போகும்போது வாசலில் நின்று இழுத்தார்.

"பொறுத்தவன் புத்திசாலிங்க. மூணாம் பாகம் வரட்டும்."

அறை நல்ல கதகதப்பு. 'ஆரம்பி' என்று மினுக்கும் திரையின் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். கடைசி வரிக்கு வந்தபோது வெளியே காலடிச் சத்தம். கதவின் கைப்பிடி மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. இருட்டில் கேட்ட ஒரு சத்தத்துக்கு நான் பயப்படாதது இதுவே முதல் தடவை.

"ஒரே ஒரு லெவல்மா..."

"தண்ணி மோட்டார் ஓடுதுங்க. போய்ப் படுங்க," என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.