உதை டெய்லர் மேல் ஒரு கேஸ்

நான் பிசியோதெரபியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்த காலத்தில், எங்கள் குடும்பம் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பியது. செஞ்சியில் இடுப்புகளும் கழுத்துகளும் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதற்குக் காரணம், இளங்கலை முடித்துவிட்டுக் கடைவீதியில் ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டியிருந்த நான் அல்ல. உதை டெய்லரின் வலது கால். ஊரும் அப்படித்தான் நம்பியது. செஞ்சியில் அவரிடம் உதை வாங்காதவர் என்று எவரேனும் இருந்தால், அவர் அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். மாலைக்குள் எங்கேயாவது சுளுக்கிக்கொண்டு அவரும் வரிசைக்கு வந்துவிடுவார்.

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த குழந்தைக்கு ஒரு வரம் உண்டென்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது வளர்ந்து காலால் உதைத்தால் சுளுக்கு விட்டுப்போகும். டெய்லர் அப்படிக் காலால் பிறந்தவர். அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். பள்ளிச் சீருடை தைப்பது தொழில், உதைப்பது தொண்டு. தொண்டுக்குக் காசு வாங்கமாட்டார்.

சுளுக்கு கண்டவர், கடையின் பக்கச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். டெய்லர் மிஷினை நிறுத்தி எழுந்து, வலது காலைக் கழுவித் துடைத்து, "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஒரு கும்பிடு போடுவார். பிறகு உதை. புதிதாகப் பார்ப்பவர்கள் கண்களை மூடிக்கொள்வார்கள். உள்ளபடி அது, இரண்டு கைகளிலும் பாத்திரம் வைத்திருக்கும் பெண் கதவைக் காலால் சாத்துவாளே, அவ்வளவுதான். பெரும்பாலான சுளுக்குகள் சில நாளில் தாமாகவே போய்விடும் என்றது என் பாடப்புத்தகம். போகப்போகிற நாளில்தான் பலரும் டெய்லரிடம் வருகிறார்கள் என்றது என் கவனிப்பு. இரண்டையும் ஊரில் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "பொறாம" என்றார்கள்.

ஒருநாள் ஓர் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டதால், எதிரில் வந்த எல்லோரையும் சந்தேகப்படுவது போலிருந்தது.

"சட்டைய கழட்டிடுங்க சார்" என்றார் டெய்லர்.

"ஏன்யா, சட்டையோட ஒதச்சா ஆவாதா?"

"யூனிபாரத்த ஒதச்சா கவர்மெண்ட்ட ஒதச்ச மாதிரி சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

இன்ஸ்பெக்டர் பனியனோடு சுவரைப் பார்த்து நின்றார். உதை விழுந்தது. அவர் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து வியந்துகொண்டிருந்த நேரத்தில், டெய்லர் அந்தச் சட்டையின் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துவிட்டார். கழுத்தும் காலரும் ஒருங்கே நேராகி இன்ஸ்பெக்டர் போனார். டெய்லருக்குத்தான் அன்றிலிருந்து உள்ளூர ஒரு நடுக்கம். "எவனாவது நம்ம மேல ஒரு கேஸு போட்டுட்டான்னு வச்சிக்க பாப்பா. ஒதச்சது உண்மையான்னு கோர்ட்டுல கேப்பான். இல்லன்னு எப்பிடி சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். சட்டப்படி எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரருக்கும் அவருக்கும் சாக்கடைத் தண்ணீர் விஷயமாகத் தீராத சண்டை. ஒருநாள் பால் கேனைத் தூக்கியபோது டீக்கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வளைந்த நிலையிலேயே வந்து சுவரைப் பிடித்தார். டெய்லர் காலைக் கழுவ மறுத்துவிட்டார்.

"கோவத்தோட ஒதச்சா சுளுக்கு எறங்காது, ஏறும்."

"அப்ப கோவத்த வுட்டுத் தொல!"

"நீ மொதல்ல வுடு."

ஊர் கூடிச் சமாதானம் பேசியது. ஒரே கிளாஸில் ஆளுக்குப் பாதி டீ குடித்தார்கள். இடுப்பு நிமிர்ந்தது. மறுநாள் காலை சாக்கடைச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நான் பலகை மாட்டிய அன்று முதலில் வந்து வாழ்த்தியவரும் அவர்தான். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார். "நீ இன்னா பண்ணுவ பாப்பா, தலையால பொறந்துட்ட. படிச்சித்தான் ஆவணும்."

எலும்பு தேய்ந்த வயதானவர்களை உதைக்கக்கூடாது என்று நான் சண்டை போட்டதை மட்டும் ஏற்றுக்கொண்டார். அவர்களை என்னிடம் அனுப்பினார், தக்க எச்சரிக்கையோடு: "அங்க ஒத கெடயாது. ஆனா நாள் பூரா கைய காலத் தூக்கச் சொல்லி இம்ச பண்ணும். பொறுத்துக்கோ."

உதைக்குத் தமக்குப் பின் வாரிசு இல்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. இப்போதெல்லாம் கால் முன்னே வரும் குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்களாம். "அது காலாலயும் பொறக்கல, தலையாலயும் பொறக்கல. அத எந்தக் கணக்குல சேக்கறது?" என்பார். அவலூர்பேட்டையில் காலால் பிறந்த அம்மாள் ஒருவர் இருப்பதாக யாராவது சொன்னால், முகம் மாறிவிடும். "அது தலையால பொறந்தது. சும்மா சொல்லிக்கினு திரியுது."

அந்த வரம் பெற்ற வலது முழங்கால்தான் ஒரு கோடையில் வீங்கிப்போனது.

மதியம் கடைவீதி சாப்பாட்டுக்கு அடங்கியிருந்த வேளையில் பின்வாசல் வழியாக வந்தார். கையில் இஞ்ச் டேப், தோளில் ஒரு துண்டுத் துணி.

"முட்டி மடங்க மாட்டேங்குது பாப்பா. மிஷினு மிதிக்க முடியல. இத நானே ஒதச்சிக்கவும் முடியல."

தேய்மானம்தான். தொடர்ந்து பயிற்சி செய்தால் தேறிவிடும் என்றேன். அவருடைய கவலை வேறு.

"ஊருக்குத் தெரியக்கூடாது. டாக்டருக்கு ஜொரம் வரலாம், தப்பில்ல. ஒதைக்கிறவனுக்குக் காலு நோவக்கூடாது. அப்புறம் எவன் வந்து நிப்பான்?"

வாக்குக் கொடுத்தேன். தினமும் வந்தார். யாராவது பார்த்தால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். சொன்ன பொய்க்கு நாணயமாகத் தைத்தும் கொடுத்தார். ஜன்னல்கள் தீர்ந்தன. அலமாரிக்குத் திரை வந்தது. கைகழுவும் தொட்டிக்கு வந்தது. உடற்பயிற்சி சைக்கிளுக்குச் சுருக்கு வைத்த பாவாடை ஒன்று வந்தது. என் சிகிச்சை அறை நாளடைவில் நாடகக் கொட்டகை போலாகிவிட்டது.

ஆனால் பயிற்சியில் ஒருநாளும் தவறவில்லை. சீருடைத் துணியை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்குவார். மிஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள்ளச் சொன்னதைத்தான் வெகுநாள் எதிர்த்தார்: "மோட்டார் வச்சா துணி பயப்படும்." கடைசியில் துணியின் பயத்தைப் போக்கி, மோட்டாரும் வைத்தார்.

முதுகலைப் படிப்பின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில், தொடக்கம் முதல் முடிவு வரை நாமே கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி விளக்கவேண்டும். அவரையும் அழைத்துவருவது நல்லது. செஞ்சியில் அது எளிதன்று. வலி பாதி குறைந்ததும் மனிதர்கள் வயலில் மணிலாக்கொட்டை பிடுங்கப் போய்விடுவார்கள். பாதியில் நின்ற சிகிச்சைகளை வைத்துக்கொண்டு நான் நேர்காணலுக்குப் போனேன், இடம் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு என்னிடம் முழுதாகத் தேறிய ஒரே நோயாளி, உதை வாங்க வேறு போக்கிடம் இல்லாத உதை டெய்லர்.

பெயரைக் குறிப்பிடாமல் எழுதி அனுப்பினேன். அழைப்பு வந்தது. மகிழ்ச்சியில் அவரிடம் சொன்னேன்: "மாமா, உங்களத்தான் கேஸா எழுதிக் குடுத்திருக்கேன். சென்னைல விசாரிப்பாங்க. நீங்களும் வரணும்."

அவர் இஞ்ச் டேப்பை நிதானமாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி பாப்பா" என்று எழுந்துபோனார்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாளும். உரக்கடை வைத்திருந்த என் அப்பா, நைனா, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா காரியம் பண்ணிக்கிற நீ? டெய்லரு மேல கேஸு போட்டியா? அதுவும் சென்னைல? ஒரு மனுசன் என் கடைல வந்து மூட்ட எடுக்க மாட்டேங்கிறான்!"

அவருக்குப் பின்னாலேயே ஊர் வந்தது. டீக்கடைக்காரர் முன்னால் நின்றார். "நாங்க இஷ்டப்பட்டுத்தாம்மா ஒத வாங்கினோம். எந்தக் கோர்ட்டுல வேணா வந்து சொல்றோம்." இன்ஸ்பெக்டரே ஜீப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்த ஸ்டேஷன்ல மேடம் குடுத்தீங்க? எங்ககிட்ட ஒண்ணும் வரலையே?"

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நோயாளியைக் ‘கேஸ்’ என்று சொல்லும் எங்கள் படிப்புப் பழக்கம், பல வருஷமாகக் கேஸுக்குப் பயந்துகொண்டிருந்த மனிதரிடம் போய் விழுந்திருக்கிறது.

டெய்லரின் மனைவி, அவர் தளவானூரில் தன் அண்ணன் வீட்டில் தலைமறைவாக இருப்பதாகச் சொன்னார். நைனாவின் வண்டியில் போனேன். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்து நான்கைந்து பேர் கையூன்றி நின்றிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் தூக்கிய காலைக் கீழே இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன்.

"போலீஸ் கேஸ் இல்ல மாமா. எங்ககிட்ட வர்ற ஆளுக்கு நாங்க கேஸ்னு சொல்லுவோம்."

"ஆளுக்குத்தான் பேரு இருக்குதே. அத வுட்டுட்டு ஏன் கேஸுன்னு கூப்புடறீங்க? மனுசன் செத்துப் பொழச்சேன்!" பெருமூச்சு விட்டார். பிறகு மெல்ல, "அப்ப அங்க வந்து நான் இன்னா பண்ணணும்?"

"உங்க முழங்கால காட்டணும். எப்பிடி வலிச்சிது, எப்பிடி சரியாச்சின்னு சொல்லணும்."

அவர் முகம் வாடிப்போனது. சுவரோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சென்னைக்கு எதற்குப் போனார் என்று ஊர் கேட்கும். கேட்டால் சொல்லியாக வேண்டும்.

"கேஸே பரவால்ல பாப்பா" என்றார்.

அவரை நான் வற்புறுத்தவில்லை. ஒரு மனிதர் ஊருக்குக் கொடுத்துவந்த நம்பிக்கை அந்தக் காலில்தான் இருந்தது. அதை என் இடத்துக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெறும் படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு போவது, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று திரும்பிவிட்டேன்.

நேர்காணலன்று காலை, நைனாவும் நானும் சென்னை பஸ்ஸில் ஏறினோம். முன் இருக்கையில் உதை டெய்லர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாகத் தைத்த பேன்ட். அந்தப் பேன்ட்டில் வலது முழங்காலுக்கு நேராக ஒரு சதுரம் வெட்டி, அதன்மேல் பித்தான் வைத்த மூடி ஒன்று தைத்திருந்தார்.

"அத்தன பேரு முன்னாடி பேன்ட்ட சுருட்டிக்கினு நின்னா மரியாதயா இருக்காது. அதான் முட்டிக்கு ஒரு ஜன்னல் வச்சேன்" என்றார். "ஜன்னல் வச்சதும் கை சும்மா இருக்கல. ஸ்க்ரீனும் தச்சிட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். அவரும் பழைய உதைக்காரர்தான்.

"இன்னா டெய்லரே, காலங்காத்தால? சென்னைல யார ஒதைக்கப் போற?"

டெய்லர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்டக்டருக்கு மட்டுமல்ல, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"யாரையும் ஒதைக்கல. என் முட்டி தேஞ்சிப்போச்சி. ஒதைக்கிற முட்டிதான். நம்ம பாப்பாதான் பாத்து சரி பண்ணிச்சி. மேல படிக்க இன்னிக்கி அதுக்கு இண்டர்வியூ. நான்தான் அதோட கேஸு."

டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "எனுக்குந்தான் முட்டி நோவுது. அந்தப் பொண்ணு எங்க குந்திக்கினு இருக்குது?"

நேர்காணலில் நான் விளக்கி முடித்ததும், தலைமைப் பேராசிரியர் டெய்லரிடம் முழங்காலைக் காட்டச் சொன்னார். டெய்லர் எழுந்து, பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலைத் திறந்தார். குழுவினர் தங்கள் காகிதங்களுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"இந்தப் பெண் உங்களுக்கு என்ன சிகிச்சை செய்தார்?"

"துணிய சுருட்டி முட்டிக்கு அடியில வச்சி அமுக்கச் சொல்லிச்சி சார். தெனமும் அமுக்கினேன். நல்லாயிடிச்சி. ஒருவாட்டி கூட ஒதைக்கல சார், அதான் ஆச்சரியம்." சற்று யோசித்து, "உங்க கழுத்து கொஞ்சம் அந்தாண்ட சாஞ்சி இருக்குது. தப்பா நெனச்சிக்காதீங்க, சுவரு பக்கம் திரும்பி நின்னீங்கன்னா…"

பேராசிரியர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். எனக்கு இடம் கிடைத்தது.

அவருடைய சுவர் காலியாகிவிடும் என்று அவரும் நானும் பயந்திருந்தோம். ஊர் திரும்பியபோது டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார்: "காலு நோவோடதான் இத்தினி நாளா நம்மள ஒதச்சிக்கினு இருந்துக்கிறான் பாரு, பைத்தியக்காரன்." சாக்கடை தோண்டிய நாளிலிருந்து அந்த மனிதர் டெய்லரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வரிசை முன்பைவிட நீண்டது. உதை வாங்கியவர்கள், போகும்போது அவர் முழங்காலையும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

படிப்பு முடிந்து நான் செஞ்சிக்கே திரும்பிவந்து, அதே அறையில் அதே திரைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், தைத்துக்கொண்டிருந்த மிஷின் மீதே தலை சாய்ந்து அவர் போய்விட்டார்.

வருகிறவர்களில் சிலர் இன்னமும் பழக்கத்தில் என் அறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கையூன்றி நின்றுவிடுகிறார்கள். தோளைத் தொட்டு மெல்லத் திருப்பி உட்காரவைக்கிறேன். "நீங்களும் காலால பொறந்தவங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன்.

செஞ்சியில் இப்போது காலால் பிறந்தவர் ஒருவரும் இல்லை. தலையால் பிறந்த நான் இருக்கிறேன்.